ஊர்ப் பங்கும் அரசுப் பங்கும்



ஊரக வளர்ச்சித் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஒன்றிய அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறவர்களை நாள்தோறும் பார்த்த வாழ்க்கை அது. பள்ளிக்கு ஒரு வகுப்பறை, தெருவுக்கு ஒரு சிமெண்ட் சாலை, ஊருணிக்கு ஒரு படித்துறை, சுடுகாட்டுக்கு ஒரு பாதை என்று கேட்டு வருவார்கள். இவை பெரிய அணைகளும் துறைமுகங்களும் அல்ல. ஆனால், ஓர் ஊரில் மனிதர் மரியாதையாக வாழ முடியுமா என்பதைத் தீர்மானிப்பவை இவைதான். இந்தச் சிறிய வேலைகளுக்கு அரசு தரும் பணம் எந்த ஊருக்கு முதலில் போய்ச் சேருகிறது, எந்த ஊர் காத்துக் கிடக்கிறது, அது ஏன் என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொதுவேலைக்கு ஊர் ஒரு பங்கு போட வேண்டும் என்ற ஏற்பாடு நல்லது, நம் மண்ணில் பழகியது. ஆனால், அந்தப் பங்கை எல்லாரிடமும் பணமாகவே கேட்டால், அரசுப் பணம் ஏற்கெனவே வசதியுள்ள ஊரைத் தேடிப் போகும். தேவை மிகுந்த ஊர் பின்தங்கும். பங்கு என்பது ஊரின் விருப்பத்தை அளக்க வேண்டும்; ஊரின் செல்வத்தை அளக்கக் கூடாது.

பிடி அரிசியில் தொடங்கிய திட்டம்

விடுதலைக்குப் பின் 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நாடு முழுவதும் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. கிராம முன்னேற்றத்தில் மக்களே பங்கெடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதிகாரிகள் திட்டமிட, மக்கள் ஒதுங்கி நிற்கும் நிலை தொடர்ந்ததால், 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளிடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்னது. அதன் வழியில்தான் 1958இல் சென்னை ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஊராட்சி ஒன்றியங்கள் பிறந்தன.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் நடந்த இரண்டு முயற்சிகளை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலமைச்சராகக் காமராசரும் கல்வித் துறை இயக்குநராக நெ.து. சுந்தரவடிவேலுவும் இருந்த காலம். 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவு முதலில் மக்கள் கொடையால் நடந்தது. ஊரார் அரிசி தந்தார்கள், விறகு தந்தார்கள், காய்கறி தந்தார்கள், வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். பின்னர் அரசு அதை ஏற்றுக்கொண்டபோது, செலவில் நூற்றுக்கு அறுபதை அரசும் நாற்பதை ஊரும் போடுவது என்று வகுத்தார்கள். இரண்டாவது, பள்ளிச் சீரமைப்பு இயக்கம். 1958இல் கடம்பத்தூரில் நடந்த மாநாட்டோடு அது பரவியது. மாநாடு கூடுமிடத்தில் ஊர்மக்கள் நிலம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், தண்ணீர்ப் பானை என்று தம்மால் ஆனதைக் கொடுத்தார்கள். பானை கொடுத்தவரும் கொடையாளர்தான். கட்டடம் கொடுத்தவரும் கொடையாளர்தான்.

இந்தக் கதையின் பிற்பகுதியைப் பலர் சொல்வதில்லை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, அதை ஊர்க் கொடையின் மேல் நிறுத்தவில்லை. அரசின் செலவாகவே ஏற்றது. ஒரு குழந்தையின் பசி, அந்த ஊரில் கொடுக்கும் கை எத்தனை இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆறக் கூடாது. ஊர்ப்பங்கு ஒரு நல்ல தொடக்கத்தைத் தந்தது. ஆனால், எல்லாக் குழந்தைக்கும் வேண்டியது என்று உறுதியானபின் அரசே முழுமையாக ஏற்பதுதான் முறை. இன்றைக்கும் இந்தப் பாடம் பயன்படும்.

நமக்கு நாமே

1997-98இல் கலைஞர் அரசு 'நமக்கு நாமே' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊர் தன் பங்கைக் கட்டினால் மீதியை அரசு கொடுக்கும். 2011க்குப் பிறகு ஜெயலலிதா அரசில் இது 'தன்னிறைவுத் திட்டம்' ஆனது. 2021இல் மீண்டும் 'நமக்கு நாமே' ஆகி, நகர்ப்புறத்துக்கும் விரிந்தது. பெயர் மாறினாலும் இரண்டு பெரிய கட்சிகளும் இந்த எண்ணத்தைக் கைவிடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஊர் பணம் போட்ட வேலையை ஊர் கண்காணிக்கும். சிமெண்ட் கலவையில் மணல் கூடினால் கேட்க ஆள் இருக்கும். இதைக் கண்ணால் கண்டவன் நான். பங்கு கொடுத்த ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூட்டைகளை எண்ணிய வேலையில், ஓவர்சியருக்கே சோதனை எளிதாக இருந்தது.

பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதிகளில் ஐந்தில் ஒரு பங்கு போதும். இந்தச் சலுகையை எண்ணி எழுதியவருக்கு நம் நன்றி உரியது. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். பத்து லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரு வேலைக்கு மூன்றில் ஒன்று என்பது 3,33,333 ரூபாய். சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ சென்னையிலோ தொழில் செய்யும் நாலு பேர் உள்ள ஊரில் அந்தத் தொகை ஒரு கோயில் திருவிழாவின் கூட்டத்திலேயே சேர்ந்துவிடும். முன்னாள் மாணவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் பேசி முடித்துவிடுவார்கள். அவர்கள் கொடுப்பதில் எந்தக் குறையும் இல்லை, பாராட்ட வேண்டும். ஆனால், அவர்கள் கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் அரசின் இரண்டு ரூபாய் அந்த ஊருக்குப் போகிறது. வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைகள் இல்லாத ஊருக்கு அந்த இரண்டு ரூபாய் போவதில்லை. ஒதுக்கீடு ஆண்டுதோறும் வரையறுக்கப்பட்டது. முதலில் கட்டியவர் முதலில் பெறுவார்.

ஒரு கிராமசபையில்

என் பணிக்காலத்தில் ஓர் அக்டோபர் 2ஆம் நாள் கிராமசபைக்குப் பற்றாளராகப் போயிருந்தேன். பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். ஊராட்சிச் செயலர் வரவு செலவை வாசித்து முடித்தார். காலனியிலிருந்து வந்த ஒரு மூத்த பெண்மணி எழுந்தார்.

"தலைவரே, மழைக்காலத்துல யாராச்சும் செத்தா, வயக்காட்டுல முழங்கால் சேத்துல பாடையைத் தூக்கிட்டுப் போறோம். அந்தச் சுடுகாட்டுப் பாதைக்கு ஒரு வழி பண்ணுங்க."

தலைவர் இளைஞர். அக்கறையானவர். "அக்கா, நமக்கு நாமேல எழுதினா சீக்கிரம் வந்துரும். பத்து லட்சம் எஸ்டிமேட்டுன்னா நம்ம பங்கு ரெண்டு லட்சம். அதை மட்டும் தெருவுல சேத்துக் குடுத்துருங்க" என்றார்.

"ரெண்டு லட்சத்துக்கு நாங்க எங்க தம்பி போவோம்? மண்ணு வெட்டிப் போடச் சொல்லுங்க, நாங்க அத்தனை பேரும் வர்றோம். அதைப் பங்கா எடுத்துக்குங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். பங்கை வரைவோலையாகத்தான் கட்ட வேண்டும் என்றேன். அப்போது நான் சொல்லக்கூடிய விடை அது ஒன்றுதான். தீர்மானப் புத்தகத்தில் 'சுடுகாட்டுப் பாதை அமைக்கக் கோருதல்' என்று பதிவாயிற்று. அதே கூட்டத்தில் ஊர்த் தெருவுக்குக் கலையரங்கம் கட்ட ஒரு தீர்மானமும் நிறைவேறியது. கலையரங்கத்துக்குப் பங்குத் தொகை தயாராக இருந்தது. கலையரங்கம் முதலில் வந்தது.

அந்தப் பெண்மணி சொன்னதை அண்மைக் கால விலையில் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு காலனியில் எண்பது குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லட்சம் என்றால் வீட்டுக்கு 2,500 ரூபாய். 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாட்கூலி 319 ரூபாயாக இருந்தது. ஒரு குடும்பம் ஏறக்குறைய எட்டு நாள் கூலியை அப்படியே எடுத்து வைக்க வேண்டும். அடுப்பெரியும் வீட்டில் எட்டு நாள் கூலியை எடுத்து வைப்பது எளிதா? அதையே உழைப்பாக எண்ணினால், வீட்டுக்கு எட்டு நாள், எண்பது வீட்டுக்கு 640 மனித நாள். 319 ரூபாய் வீதம் 2,04,160 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே கிடைத்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்மணி சொன்ன வழி கணக்கில் சரியாக இருக்கிறது.

உழைப்பைப் பங்காக ஏற்ற திட்டங்கள்

உழைப்பைப் பங்காக ஏற்பது புதுமை அல்ல. நம் ஏரிகள் குடிமராமத்தால் வாழ்ந்தவை. ஆயக்கட்டுதாரர்கள் கூடி வரத்துக் கால்வாயைத் தூர்வாருவதும் கரையைப் பலப்படுத்துவதும் வழக்கமாக இருந்தது. 2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தமிழ்நாடு அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது, பாசனதாரர்கள் போட வேண்டிய பத்து விழுக்காட்டைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம் என்றது. 2019இல் மத்திய அரசு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்திலும், ஊருக்குள் அமையும் குடிநீர் அமைப்பின் செலவில் பத்து விழுக்காடு மக்கள் பங்கு. மலை, வனப் பகுதிகளிலும், பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் வாழும் ஊர்களிலும் ஐந்து விழுக்காடுதான். அதையும் பணமாக, பொருளாக, உழைப்பாகத் தரலாம். ஆக, ஊரின் நிலைக்கேற்பப் பங்கைக் குறைப்பதும், உழைப்பை ஏற்பதும் நம் அரசுகளின் நடைமுறையிலேயே இருக்கின்றன. அவற்றை எல்லாத் திட்டங்களுக்கும் விரிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. 1858இல் ஆங்கிலேய அரசு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஏரி மராமத்துக்கு ஊராரைச் சட்டத்தால் இழுத்தார்கள். கட்டாயம் என்று வந்தால் அதன் சுமை ஊரில் எளியவர் தோளில்தான் விழும். தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் வேலை வாங்கப்பட்ட மக்களிடம், சமூகப் பங்கு என்ற பெயரில் மறுபடியும் இலவச உழைப்பைக் கேட்பது அநீதி. உழைப்பு விரும்பித் தருவதாக இருக்க வேண்டும். நாட்கூலி விலையில் மதிப்பிட்டுப் பதிவேட்டில் பெயரோடு ஏற வேண்டும். மேல்தெருக்காரர் பணமாகவும் கீழ்த்தெருக்காரர் உழைப்பாகவும் கொடுத்தால், கல்வெட்டில் இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.

எதற்குப் பங்கு கேட்கலாம்?

இங்கே அந்தச் சுடுகாட்டுப் பாதைக்குத் திரும்பி வருகிறேன். அதற்கு அந்த மக்களிடம் ஐந்தில் ஒரு பங்கு கேட்டதே தவறு என்பது என் துணிவு. குடிநீர், பள்ளி வகுப்பறை, கழிப்பறை, ஆரம்ப சுகாதார நிலையம், இறந்தவரைக் கொண்டுசெல்லும் பாதை ஆகியவை குடிமக்களின் அடிப்படைத் தேவைகள். சத்துணவுக்கு அரசு எடுத்த முடிவையே இவற்றுக்கும் எடுக்க வேண்டும். இவற்றுக்கு ஊர்ப்பங்கு கேட்கக் கூடாது. பங்கு கட்டும் ஊருக்கு முன்வரிசையும் தரக் கூடாது.

கலையரங்கம், பூங்கா, சமுதாயக் கூடம், விளையாட்டுத் திடலின் சுற்றுச்சுவர், தெருவுக்கு அழகூட்டும் பேவர் பிளாக் போன்றவற்றுக்குப் பங்கு கேட்கலாம். அவையும் ஊருக்கு வேண்டியவையே. ஆனால், வகுப்பறை இல்லாத ஊருக்கு வகுப்பறை வந்த பிறகு மற்ற ஊருக்குச் சுற்றுச்சுவர் வரட்டும். ஒரு மாவட்டத்துக்கு வரும் தொகையில் ஒரு பகுதியை, பங்கு கட்ட முடியாத குடியிருப்புகளுக்கென்று முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால் இது நடக்கும். நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாயில் 15 விழுக்காட்டைப் பட்டியல் இனத்தவர் வாழும் பகுதிகளுக்கும் 7.5 விழுக்காட்டைப் பழங்குடியினர் பகுதிகளுக்கும் பரிந்துரைக்க வேண்டும் என்பது அதன் விதி.

குடியிருப்பை அளவாகக் கொள்வதும் முக்கியம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள். அவற்றுக்குள் ஏறத்தாழ 79,000 குடியிருப்புகள். 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சியை அளவாகக் கொண்டு எல்லா ஊராட்சிகளையும் முறைவைத்து எட்டியது. 2011இல் வந்த தாய் திட்டம் இன்னும் ஒரு படி இறங்கிக் குடியிருப்பை அளவாகக் கொண்டது. ஊராட்சிக்குப் பணம் போனால் பெரிய ஊர் எடுத்துக்கொள்ளும், சிற்றூர்களும் காலனிகளும் விடுபடும் என்பதை உணர்ந்த மாற்றம் அது. அந்தப் பார்வையை நாம் இழந்துவிடக் கூடாது.

கட்டிய பிறகு

ஒரு வேலைக்குத் திறப்பு விழா நடந்ததும் நம் கவனம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. பூட்டிய நூலகம், துருப்பிடித்த உடற்பயிற்சிக் கருவி, மோட்டார் பழுதான தொட்டி ஆகியவற்றைப் பார்க்காத ஊர் இல்லை. கட்ட நிதி இருந்தது. நடத்த நிதி இல்லை. ஊராட்சியின் கணக்கு எண் இரண்டு, மின் கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்குச் செலுத்தவும் உள்ள கணக்கு. புதிதாக ஒரு மோட்டாரும் இருபது விளக்கும் வந்தால் அந்தக் கணக்கின் சுமை ஏறும். அந்த ஏற்றத்தை மதிப்பீடு தயாரிக்கும்போதே யாரும் எழுதுவதில்லை.

பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையான காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டது. 40 விழுக்காடுதான் ஊராட்சி தன் விருப்பப்படி செலவிடக்கூடியதாக இருந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால், விருப்ப நிதி சுருங்கும்போது சின்னப் பழுதுகள் பெரிய பழுதுகள் ஆகின்றன. ஆகவே, மதிப்பீட்டின் கடைசிப் பக்கத்தில் அடுத்த ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு யார், எந்தக் கணக்கிலிருந்து, எவ்வளவு தருவார் என்று எழுதாமல் எந்த வேலைக்கும் நிர்வாக அனுமதி தரக் கூடாது. ஊர்ப்பங்கில் ஒரு பகுதியை வைப்பு நிதியாகப் போட்டு வட்டியில் பராமரிக்கலாம். உங்கள் முன் நான் நிற்கக் காரணமான இந்தச் சொற்பொழிவு அறக்கட்டளையே அப்படித்தான் நடக்கிறது.

கணக்குக் காட்டுவதில் நமக்கு நீண்ட மரபு உண்டு. பத்தாம் நூற்றாண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காகவே பேசுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வர முடியாது என்று அதே கல்வெட்டு விதித்திருக்கிறது. ஏரி வாரியத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன் இருந்த கண்டிப்பு, இன்றைய தெரு விளக்குக்கும் இருக்க வேண்டும்.

கேட்கும் இடம் கிராமசபை

இவற்றையெல்லாம் யார் கேட்பது? 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்து, கிராமசபைக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் தந்தது. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதை நம் ஊர்களில் நிறுவியது. ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டம் இப்போது ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

கேரளம் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு விட்டது. கிராமசபையில் தேவையைச் சொன்னார்கள். வளர்ச்சிக் கருத்தரங்கில் முன்னுரிமையை வகுத்தார்கள். ஓய்வு பெற்ற பொறியாளர்களும் ஆசிரியர்களும் தொண்டராக வந்து திட்டத்தை எழுத உதவினார்கள். அங்கும் குறைகள் உண்டு. ஆனால், எவ்வளவு பணம் வரும் என்று முன்பே தெரிந்ததால் கிராமசபையில் பேசுவதற்குப் பொருள் இருந்தது. நம் கிராமசபைகளில் மக்கள் கோரிக்கை வைக்கிறார்கள். எவ்வளவு தொகைக்குள் கேட்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இல்லாமற்போகும் காலம் இன்னும் மோசம். 2016இல் நடந்திருக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மீதி ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். மத்திய நிதிக்குழு மானியம் நிலுவையில் நின்றது. 2025 ஜனவரி 5இல், 2019இல் தேர்தல் நடந்த மாவட்டங்களின் உள்ளாட்சிகளுக்குப் பதவிக்காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர் நிர்வாகம் வந்தது. தனி அலுவலர் நேர்மையானவராக இருக்கலாம். ஆனால், ஊராரிடம் வாக்குக் கேட்டு நிற்க வேண்டியவர் அல்லர். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. எந்தக் கட்சி ஆண்டாலும் அதை மீறுவது ஊரின் பணத்தை நிறுத்துவதற்குச் சமம்.

வேண்டுகோள்

அரசிடம் நான் கேட்பவை நான்கு. அடிப்படைத் தேவைக்குப் பங்கு கேட்காதீர்கள். மற்ற வேலைகளில் ஊரின் நிலைக்கேற்பப் பங்கை வகுத்து, விரும்பித் தரும் உழைப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பராமரிப்புக்கு வழி எழுதாமல் அனுமதி கொடுக்காதீர்கள். உள்ளாட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்துங்கள்.

ஊருக்குப் பணம் அனுப்பும் நல்ல உள்ளங்களிடம் கேட்பது ஒன்று. உங்கள் தெருவின் வேலைக்குப் பங்கு கட்டும்போது, பக்கத்துக் காலனியின் வேலைக்கும் சேர்த்துக் கட்டுங்கள். உங்கள் ஒரு ரூபாய் அங்கே அரசின் நான்கு ரூபாயைக் கொண்டுவரும்.

மாணவர்களே, உங்களில் பலர் கிராமத்திலிருந்து வருகிறவர்கள். அடுத்த கிராமசபைக்குப் போங்கள். சென்ற ஆண்டு நம் ஊராட்சிக்கு எந்தெந்தத் திட்டத்தில் எவ்வளவு வந்தது, அதில் காலனிக்கும் சிற்றூர்களுக்கும் எவ்வளவு போனது, கட்டியவற்றில் எவை இன்று பயன்பாட்டில் இல்லை என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். ஊர்ப் பொதுவேலையில் நீங்கள் போடும் முதல் பங்கு அதுவாக இருக்கட்டும்.